மாரித்தாய் உருட்டிய பாசித் தோட்டம்

விக்கிரமசிங்கபுரத்து மில்லில் நூல் சிட்டம் சுற்றும் மாரித்தாயிடம் அடைக்கலமாக வைத்த பொருள் கெட்டதாகச் சரித்திரமே கிடையாது. வெளியூர் போகிறவர்கள் வெண்கலப் பானையை விட்டுப்போவார்கள், ஆட்டை விட்டுப்போவார்கள், கைப்பிள்ளையைக்கூட விட்டுப்போவார்கள். திரும்பி வந்தால் பானை கண்ணைக் கூசும். ஆடு இரண்டு குட்டியோடு நிற்கும். பிள்ளை, பெற்றவளிடம் போகமாட்டேன் என்று அலறும். தாமிரபரணியையே ஒரு வாரம் பார்த்துக்கொள் என்று விட்டுப்போனாலும் ஒரு சொட்டுக் குறையாமல் திருப்பித் தந்திருப்பாள்.

அதை நம்பித்தான் மேலப்பாளையத்து நூல் வியாபாரி நூர்முகம்மது, 1912 ஆனி மாதம், ஒரு உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். பினாங்குக்குக் கப்பலில் போய்வருகிறவர். அங்கே வாங்கிய ஜப்பான் சரக்காம். பார்த்தால் பானை தேய்க்கிற நார் மாதிரி காய்ந்து கிடந்தது. தினமும் தண்ணீரில் முக்கி நிழலில் தொங்கவிட்டால் முளைக்கும் என்றார். மேலப்பாளையத்தில் யாரும் கண்டிராத பொருள் ஒன்றைக் கல்யாணத்துக்குத் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஊர் வெயிலில் இது தாங்காது. ஆவணி வரைக்கும் மலையடிவாரக் குளிரில் இருக்கட்டும் என்று விட்டுப்போனார்.

பத்தாம் நாள் முளைத்தது. சுற்றிலும் பச்சைப் பாசி, மேலே பெரணி இலைகள். தொட்டி கிடையாது, தரை கிடையாது, அந்தரத்தில் ஒரு தோட்டம். மில் குடியிருப்பு மொத்தமும் வந்து வாயைப் பிளந்து நின்றது. எந்த வாய்க்குள் போவது என்று ஈக்களுக்கே குழப்பம்.

இத்தனை கண்ணும் பட்டால் என்ன ஆகும்? மாரித்தாய்க்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளைக்குச் செய்வதையே செய்தாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அதுவும் போதாதென்று, பட்ட கண் முழுக்க இறங்கட்டும் என்று, பானைத் தண்ணீரில் இரண்டு படி கல்லுப்பைக் கரைத்து உருண்டையை அரைநாள் ஊறப்போட்டாள். நாலே நாளில் தோட்டம் கருகிச் சுருண்டது.

"ஏட்டி, கருவாடுல்லா போட்டு வச்சிருக்க" என்று அவள் புருஷன் பரமசிவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாளாகச் சோறும் தொடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நம்பிக் குடுத்தாருல்லா" என்றாள். அவ்வளவுதான்.

செத்ததை அரிவாள்மணையில் இரண்டாகப் பிளந்தாள். மந்திரம் ஒன்றும் இல்லை. மண், வேர், பாசி, மேலே சுற்றிய நூல். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பரமசிவனை இழுத்துக்கொண்டு பாபநாசத்துக்கு ஏறினாள். சாரல் காலம், பாறையெல்லாம் பாசி. மீன் தோல் உரிக்கிற மாதிரி கத்தியால் பைய உரித்தாள். ஈரச் சந்தில் நின்ற பெரணிக் கன்று ஒன்றை வேரோடு எடுத்தாள்.

வெறும் குளத்து வண்டலில் உருட்டிய முதல் உருண்டை பீரங்கிக் குண்டாக இறுகியது. கோட்டையே இடிந்துவிடும். நார் அதிகம் போட்ட இரண்டாவது, தண்ணீரில் முக்கியதும் சாம்பாராகக் கரைந்தது. மூன்றாவதுக்கு வண்டலும் ஆற்று மணலும் நாரும் பதம் பார்த்துச் சேர்த்து, கன்றை நடுவில் வைத்து, கொழுக்கட்டை பிடிப்பதுபோல அழுத்தினாள். பாசியைப் போர்த்தி, மில் கழிவு நூலால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினாள். பதினைந்து வருஷம் சிட்டம் சுற்றிய கை. இறுக்கமும் இல்லை, தொய்வும் இல்லை, முடிச்சு எங்கே என்று நூலுக்கே தெரியாது.

குடிதண்ணீர்ப் பானைக்கு மேலே, நிழலில் தொங்கவிட்டாள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பத்து நாள் ஒன்றுமில்லை. பதிமூன்றாம் நாள் காலையில் பரமசிவன் தண்ணீர் மொள்ளப் போனவன் செம்போடு அப்படியே நின்றுவிட்டான். பாசிக்குள்ளிருந்து எறும்பு அளவில் ஒரு பெரணிக் குருத்து, ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி சுருண்டு எழும்பியிருந்தது. மில் சங்கு ஊதியது. அவனுக்குக் கேட்கவில்லை. வாழ்நாளில் அவன் வாய் மூடி நின்றது அன்றைக்குத்தான்.

ஆவணியில் நூர்முகம்மது மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். உருண்டையில் அப்போது ஒன்பது இலைகள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே கொடுத்திருந்தால் யாருக்கும் தெரியாது. பரமசிவன் கண்ணால் ஜாடை காட்டிக்கூடப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்க தந்தது செத்துப் போச்சு" என்றாள் மாரித்தாய். "உப்புத் தண்ணியில போட்டு நாந்தான் கொன்னேன். இது நான் செஞ்சது. வேண்டாம்னா வச்சிட்டுப் போங்க."

நூர்முகம்மது கிட்டே வந்தார். உருண்டையைப் பையச் சுற்றிப் பார்த்தார். பாசியில் விரல் வைத்தார். குனிந்து முகர்ந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பினாங்குல நான் வாங்குனதக் கூடை கூடையா குமிச்சுப் போட்டிருக்கான், தாயி" என்றார் கடைசியில். "எம் மவளுக்கு ஒருத்தரும் பாக்காததுன்னுல்லா சொல்லியிருக்கேன். இதுதான் அது."

வண்டிக்குள் வைக்கோல் பரப்பி வைக்கச் சொன்னான் பரமசிவன். அவர் கேட்கவில்லை. இலை எதிலும் உரசிவிடக் கூடாதென்று நூலை விரலில் மாட்டித் தூக்கிப் பிடித்தபடியே ஏறி உட்கார்ந்தார். மேலப்பாளையம் வரைக்கும் கீழே வைக்கவே இல்லையாம். வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் முதலில் பார்த்தது அவர் விரலில் விழுந்திருந்த சிவந்த கோட்டைத்தானாம்.