வைரம் மாதிரி

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் போரான் நைட்ரைடு படலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். செஞ்சியில் என் பள்ளித்தோழன் லேத்துப் பட்டறை வைத்திருந்தான். ஊருக்குப் போனால், பஸ்ஸிலிருந்து இறங்கி முதலில் அவனிடம்தான் போவேன்.

போரான் நைட்ரைடில் போரானும் நைட்ரஜனும் சரிபாதி. அந்த அணுக்கள் தட்டுத் தட்டாக அமைந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்; முகப்பவுடர் போல மெத்தென்று இருக்கும். ஒவ்வோர் அணுவும் நான்கு பக்கமும் கைகோத்து இறுகினால், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். இந்த இறுகிய வகையை மெல்லிய படலமாகப் படியவைப்பதே என் வேலை.

"வைரம் மாதிரி இருக்கும்டா" என்று அவனிடம் ஒருநாள் சொன்னேன். 'மாதிரி' அவன் காதில் விழவில்லை.

"வைரம் பண்றவன் வந்துட்டான்! கல்லுல வைரம் பண்ணலாம்னு அப்பவே தெரிஞ்சிருந்தா செஞ்சிக் கோட்டைய புடிக்க வந்தவனுங்க மலையையே பேத்துக்கினு போயிருப்பானுங்கடா" என்று சிரித்தான். பிறகு, "லேத்துல இரும்ப கடையற என் டூலுக்கு ஒரு கோட்டிங் போட்டுத் தாயேன். அவலூர்பேட்டை மில்லு ஷாஃப்டு ஒண்ணு வந்து கெடக்குது, எந்த டூலும் கடிக்கல. முடிச்சுக் குடுத்தா மில்லு வேலை முழுக்க எனக்குத்தான்" என்றான்.

போட்டேன். டூலின் பக்கத்திலேயே ஒரு சிலிக்கான் துண்டையும் வைத்துப் படலம் படியவைத்து, அந்தத் துண்டை அகச்சிவப்பு ஒளியில் சோதித்தேன். இறுகிய வகை ஒளியை உறிஞ்ச வேண்டிய இடத்தில் வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். டூலை நானே கொண்டுபோய்க் கொடுத்து, "வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டலாம்" என்றேன்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அதன்பிறகுதான் செய்தேன். படலமே இல்லாத வெறும் சிலிக்கான் துண்டைச் சோதித்தேன். அதிலும் அதே பள்ளம். சிலிக்கானில் கலந்திருந்த ஆக்சிஜன் காட்டிய பள்ளம் அது. அப்படியானால் டூலின்மேல் நான் பூசியது வெறும் பவுடர் வகை.

உடனே அவனுக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாம். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டிய அவமானத்தில் அதை நினைக்கவே கூசினேன். ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதற்குள் அவன் ஷாஃப்டை மாட்டிவிட்டான். நான் சொன்ன வேகத்தில் டூலின் நுனி பழுக்கக் காய்ந்து சிதறியது. ஒரு சில்லு அவன் இடது கண்ணில் பாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி கேட்டாள்: "அண்ணே, நீங்க குடுத்த டூல்ல எதனா கோளாறா?"

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். "டேய், நான் இன்னாடா தப்பு பண்ணேன்?"

"வேகம் கொஞ்சம் ஜாஸ்தியாயிருக்கும்" என்றேன்.

கண்கட்டோடு தலையாட்டினான். "இருக்கும்டா. வேகத்துக்கு பெல்ட்டு மாத்தறப்ப சரியா பாக்காம மாத்திட்டன் போல."

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கண் திரும்பவில்லை. மில் வேலை திண்டிவனத்துப் பட்டறை ஒன்றுக்குப் போய்விட்டது.

பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவன், "பெல்ட்ட பாத்து மாத்துங்க. நான் பாக்காம மாத்தித்தான் கண்ணு போச்சு" என்பான். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவன் இறந்த பிறகும் அந்தத் தப்பு அவன் பெயரிலேயே இருக்கிறது.