ஒரே பெயர்

எந்த ஊர் ஸ்கேன் சென்டரும் ஒரு வகை ஸ்கேனுக்கு ஒரே பெயர்தான் எழுத வேண்டும் என்று கூட்டம் கூட்டிப் பேசியவர் அந்தக் கோயமுத்தூர் டாக்டர். பேச்சுக்கிடையே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

“பேரு ஒண்ணாயிட்டா பல்லடத்துல எடுத்த படம் கோயமுத்தூர்ல நேராத் தெறக்குமுங்க. நோயாளிய மறுபடி படுக்க வெக்க வேண்டியதில்லீங்க.”

பெயர்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவன் நான்.

பிறகு ஒருநாள், பல்லடத்தில் பயந்து பயந்து தலை ஸ்கேன் எடுத்துக்கொண்ட அப்பாவை கோயமுத்தூரில் அவரிடமே அழைத்துப்போனேன். படம் உடனே திரையில் வந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஸ்கேனின் பெயரை ஆசையாகப் படித்தார்.

“ஒரு எழுத்து மாறலீங்க, பாருங்க. சரி, கீழ போயி இதையே இன்னொருக்கா எடுத்துட்டு வந்துருங்க.”

“இதேதானுங்களே டாக்டர்?”

“இதேதானுங்க. இருந்தாலும் நம்ம மெஷின்ல எடுத்தாத்தானுங்க எனக்குத் திருப்தி. பேரச் சொல்லுங்க, கீழ கொழப்பமே வராது.”

அவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. எனக்கு இன்றும் புரியாதது அதுதான். அப்பா மறுபடியும் ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் போனார். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஸ்கேனின் பெயர் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது.