நயமாகத் திருத்திய அறிக்கைகள்

ஹைதராபாத்தில் சமஸ்தான அலுவலகம் ஒன்றில் நான் ஆங்கில ஸ்டெனோவாக இருந்தேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்வது பற்றித் தில்லியுடன் பேச்சுவார்த்தை நடந்த கடைசி வருடம் அது. எங்கள் தூதர்கள் விமானத்தில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கூசும். சட்டம் அத்துப்படி. எதிராளி கத்தினாலும் இவர்கள் குரல் உயராது. ஒரே ஷரத்தை ஐந்து விதமாக எழுதி, ஐந்துக்கும் நியாயம் சொல்வார்கள். என்னைப் போன்ற குமாஸ்தாவிடம்கூட உருதுவில் மரியாதையாக 'ஆப்' போட்டுத்தான் பேசுவார்கள்.

ஒன்றுதான் வராது. கெட்ட செய்தியை மேலிடத்துக்குச் சொல்ல வராது.

அவர்களில் மூத்தவர் தில்லியிலிருந்து வந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "மறுத்துவிட்டார்கள்" என்று டிக்டேட் செய்வார். டைப் அடித்துக் கொண்டுபோனால், டீயை உறிஞ்சியபடியே அதைப் பென்சிலால் அடித்துவிட்டு, "பரிசீலிப்பதாகக் கூறினார்கள்" என்று எழுதுவார். பெரியவர்கள் மனம் நோகக் கூடாதாம். திருத்திய பிரதி மேலே போகும். முதல் பிரதியைக் கிழிப்பது என் வேலை. இத்தனை படித்தும் இவ்வளவு கோழைத்தனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மல்காஜ்கிரியில் எங்கள் வீடு. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் திருச்சியில் அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். ரயில்களோ ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன.

"ஏங்க, நெலமை எப்படி இருக்கு? இப்பவே கெளம்பட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

அன்று காலைதான் "இனிப் பேச ஒன்றுமில்லை என்றார்கள்" என்று டைப் அடித்து, அதைக் கிழித்தும் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"பேச்சு நல்லாத்தான் போகுது. வளைகாப்பை இங்கயே முடிச்சுட்டு நிதானமாப் போகலாம்" என்றேன். வாயும் வயிறுமாக இருப்பவளிடம் வேறு எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

வளைகாப்பு நடந்தது. நாங்கள் கிளம்ப இருந்த வாரம் ரயில் நின்றுபோனது. தில்லி அனுப்பிய படை ஊருக்குள் வந்த நாட்களில் அவளுக்கு வலி கண்டது. ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஜட்காகூடக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் தனக்குத் தெரிந்த அளவில் பார்த்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

பத்து நாள் போனது. பிறகு அவள் கேட்டாள்.

"பேச்சு முறிஞ்சது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

"பயந்திருந்தா ரயில் ஏறியிருப்பேனே" என்றாள்.