பலா மேசைக்கு ஒன்றரை அங்குலம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. செத்துப்போன தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. என்றாலும் இதை நானே எழுதுகிறேன். எழுதித் தரச்சொல்லி ஒருவரிடமும் போய் நிற்கவில்லை.

என் இளைய மகளுக்கு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவளும் அவள் மகளும் என்னோடுதான் வெள்ளவத்தையில் இருக்கிறார்கள். அவள் சக்கர நாற்காலியில் இருந்தபடி, மடியில் கணினியை வைத்துச் சின்னச் சின்ன வேலைகள் செய்வாள். ஒருநாள் உடை மாற்றும்போது பார்த்தேன், தொடை கொப்பளித்திருந்தது. கணினியின் சூடு அவளுக்குத் தெரியவேயில்லை. இனி மடியில் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். கடை மேசைகள் எல்லாம் தணிவு. நாற்காலியின் கைப்பிடி முட்டும், உள்ளே போகாது.

அந்த நேரம்தான் பக்கத்து வளவில் மாடிவீடு கட்டுவதற்காகப் பலா மரத்தை வெட்டினார்கள். மதிலோரம் நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அடிமரத்தைக் கேட்டு வாங்கினேன். பாமன்கடைப் பக்கம் ஒரு மர ஆலையில் அரிந்து வந்தது. பச்சை மரம் அல்லவா, பலகைகளுக்கு நடுவே குச்சி கொடுத்து நடையில் அடுக்கிக் காயவிட்டோம். வெடித்துவிடுமோ, வளைந்துவிடுமோ என்று காலையில் எழும்பியதும் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பேன்.

"பலகைக்குக் காய்ச்சலோ அம்மா?" என்பாள் மகள். "என்ர நெத்தியை ஒருநாளும் இப்பிடித் தொட்டுப் பாக்கேல்லை."

பலகை நன்றாகவே காய்ந்தது. பிறகு, விபத்துக்கு முன் அவள் வேலை பார்த்த கந்தோர், வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி கூப்பிட்டது. மேசை செய்யக் கொட்டாஞ்சேனையிலிருந்து தச்சர் வந்தார், பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மகள் தானே நாடா பிடித்து உயரம் சொன்னாள். அவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு தலையாட்டினார்.

திங்கட்கிழமை மகளுக்கு வேலை தொடக்கம். சனிக்கிழமை மேசை வந்தது. மஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. மகள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். டக்கென்று முட்டியது.

பாஸ் நிலத்தைப் பார்த்தார். "தங்கச்சி சொன்னது சாத்திரத்தில கெட்ட அளவும்மா. வீட்டுக்கு ஆகாது. ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கிற மேசை, எனக்கு மனசு வரல்ல. ஒண்டரை இஞ்சு குறைச்சுட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. என் வீட்டுக் கதவும் கட்டிலும் நல்ல அளவு பார்த்துச் செய்வித்தவைதான். என்னிடம் முதலே கேட்டிருந்தால் நானே சம்மதித்திருப்பேன். ஆனால் அந்தக் கொப்பளமும் கண்ணுக்குள் நின்றது.

மகள்தான் பேசினாள். "அண்ணை, வாற கெடுதி எல்லாம் எனக்கு வந்து முடிஞ்சுது. நான் சொன்ன அளவுக்கு ஆக்கித் தாங்க."

"கால்ல துண்டு ஒட்டினா திரும்ப அந்தக் கெட்ட அளவுக்கே வந்திரும், தங்கச்சி."

"வரட்டும்."

அவர் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை கணினி திரும்ப மடிக்குத்தான் போகும், ஈரத் துணியைக் கீழே விரிக்கலாமா, தலையணை வைக்கலாமா என்று ஞாயிறு காலையிலிருந்து என் மனம் அதிலேயே சுற்றியது.

அன்று பின்னேரம் பாஸ் வந்தார். பையில் அதே பலாவில் நாலு கட்டை. ஒவ்வொன்றின் நடுவிலும் மேசைக் கால் பொருந்துகிற மாதிரிக் குழி. மேசைக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டைகளில் இறக்கினார்.

"ஒட்டல்ல, ஆணியும் அடிக்கல்ல. மேசை நல்ல அளவிலயே இருக்குது. இது நிலம்," என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். "அப்ப என்ர அறையில நிலம் நாலு இடத்தில மட்டும் உசந்திருக்குதோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி. நிலத்துக்கு ஆரு அளவு பாக்கிறது?"

அவள் சிரித்துக்கொண்டே உருட்டிப் போனாள். கைப்பிடி உள்ளே போனது, முழங்கால் போனது. இரண்டு முழங்கையும் பலகையில் ஊன்றின. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டை நழுவினால்? மூலையில் என் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன்.

"அம்மா, எழும்புங்கோ. உடைஞ்சா உங்களாலதான் உடையும்."

திங்கட்கிழமை அவள் வேலை செய்யும்வரை கதவடியில் நின்றேன். இரவு தொடையைப் பார்த்தேன். புதிதாகச் சிவப்பு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன், கட்டைகளையும் தொட்டுப் பார்க்கிறேன்.

இப்போது அவள் வேலை முடித்துக் கணினியை மூடிவிட்டாள். நான் அந்த மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். பேத்திப் பிள்ளை, இங்கே வா. எழுதியதை எனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்டு. எழுத்தில் கொம்பும் காலும் விட்டுப்போன இடத்தில் சிரிக்காதே. மேசையில் சாயாமல் நின்று வாசி.