கட்டைப் பாரும் நெட்டைப் பாரும்

முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்துத்தான் நெய்வேலியில் சுரங்கத்துக்கு இடம் எடுத்தார்கள். சாய்ந்த மரங்களைத் துண்டு போட ஒரு காண்டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்கு இருந்தேன். மோட்டார் ரம்பம் அப்போது புதுசு. பல் வைத்த சங்கிலி சுற்றியோடும் அந்த நீள இரும்புத் தகட்டை மெக்கானிக் ‘பார்’ என்பார். முதல் நாள் அவர் “பார்! பார்!” என்று கத்த, அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தோம். “என்னய்யா, ஏரோப்பிளேனா போவுது?” என்று அவரே சிரித்துவிட்டார்.

பிறகு பழகிவிட்டது. ரம்பம் ஓடும்போது வேறு பேச்சு எதுவும் காதில் ஏறாது. ‘பார்’ என்று கத்தினால் ஒரே அர்த்தம்தான்: தகடு மரத்தில் கடிபட்டுவிட்டது, மேலே தூக்கு.

பட்டறையில் இரண்டு பார் இருந்தன. காலையில் ஒன்றை ரம்பத்தில் மாட்டிக்கொடுப்பது என் பொறுப்பு. கட்டையானதில் நுனி கண்ணெதிரே இருக்கும். ஆனால் நாள் முழுக்கக் குனிந்து நிற்க வேண்டும். நெட்டையானதில் நிமிர்ந்து நிற்கலாம். நுனி மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிடும். நுனியின் மேல்முனை எதிலாவது பட்டால் ரம்பம் ஆள் மேலேயே எகிறும் என்று மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் மரங்களுக்குக் கட்டையே போதும் என்பது அவர் கட்டளை.

ரம்பம் பிடித்தவர் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊர்க்காரர், என்னைவிட மூத்தவர். உறவு ஒன்றும் கிடையாது. மாமா, மாப்ள என்றே எங்கள் பேச்சு. மண் சுமந்த காலத்தில் அவருக்கு இடுப்பு போயிருந்தது. அதை மறைத்துக்கொண்டிருந்தார். நல்ல ஆளாகப் பார்த்து சுரங்கத்திலேயே பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

“மாப்ள, நெட்டைய மாட்டு.”

“மெக்கானிக் திட்டுவாரு மாமா.”

“அவரா குனிஞ்சிக்கினு நிக்கறாரு? நான் இடுப்பப் புடிச்சிக்கினு நிக்கறத எவனாச்சும் பாத்தான்னா, வூட்டப் பாத்துப் போன்னுடுவான். பர்மனெண்ட் ஆனப்புறம் நீ கடப்பாறையவே மாட்டு, ஏன்னு கேக்க மாட்டேன்.”

சிரித்துக்கொண்டே மாட்டினேன். ஒரு வாரம் ராஜா மாதிரி நிமிர்ந்து நின்று அறுத்தார்.

அன்றைக்குப் பலாக்கட்டை. அதற்குப் பின்னால் இன்னொரு கட்டை சாய்ந்து கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்துதான் அது தெரியும். நுனி அதன் அடியில் போய்க்கொண்டிருந்தது. “நுனியப் பாரு மாமா!” என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவர் காதில் விழுந்தது நடுச்சொல் மட்டும். வெடுக்கென்று தூக்கினார். மேல்முனை பின்கட்டையில் இடித்தது. ரம்பம் எகிறி அவர் இடது தோளில் இறங்கியது.

உயிர் தப்பியது. கை இருந்தது, தூக்க வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து காண்டிராக்டர் கேட்டார்: “நெட்டைய மாட்டினது எவன்?”

“நான்தாங்க. இவன் கட்டையத்தான் மாட்டிக் குடுத்தான். நான் மாத்திக்கினேன்.”

தண்ணீர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. பர்மனெண்ட் பேச்சில் என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்ததல்லவா?

எனக்குக் கிடைத்தது. குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அவருக்கு விதி என்றார்கள். விதிக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா? மாட்டியது இந்தக் கை.

அதற்கப்புறம் மாமா குள்ளஞ்சாவடியில் ரோட்டோரம் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எட்ட இருந்தே “பார்!” என்று கத்துவார். பக்கத்தில் போனால், “பர்மனெண்ட்டு வர்றாரு, வழி வுடுங்கப்பா” என்று சிரித்து, ஒற்றைக் கையால் பழத்தைத் தட்டிப் பார்த்து நல்லதாக எடுத்து வைப்பார். நான் பையை விரிக்கிற சாக்கில் குனிந்துகொள்வேன்.