ஊர் சுற்றிய உறுதி

நிந்தவூர் சுஹறா இடியப்பம் அவித்து விற்றே ஒரு காணி வாங்கினாள் என்றால், அவளைத் தெரியாதவர்கள் நம்பமாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. புருஷன் மௌத்தான பிறகு, சுபஹுத் தொழுகைக்கு முன்பே அடுப்பை மூட்டிச் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் இடியப்பம் அனுப்பியவள் அவள். மகள் அஸ்னாவுக்குக் கலியாணம் பேசியதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வளவும் வீடும் வேண்டும் என்று ஆகிவிட்டது. தன் வீட்டுக்குப் பக்கத்தில் வெறுமனே கிடந்த வளவை அக்கரைப்பற்று சப்ரியிடமிருந்து மகளின் பேருக்கே வாங்கிவிட்டாள்.

காணிப் பத்திரமான உறுதியை எழுதிக் கையொப்பம் வைத்த அன்று நொத்தாரிசு நல்லரெத்தினம் தெளிவாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, உறுதி எழுதினா மட்டும் காணாது. காணிக் கந்தோரில பதியவேணும். விட்டிட்டுப் போங்க, பதிஞ்சுபோட்டுத் தாறன்."

சுஹறா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சீதன உறுதி பார்க்க வருகிறார்கள். அன்றைக்குக் கை வெறுங்கையாய் இருந்தால் ஊர் வாயை யார் மூடுவது? "பார்த்திட்டுப் போனதும் கொண்டு வாறன் ஐயா" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். உறுதி கையில் இருந்தால் காணி நம்முடையதுதானே என்பது அவள் எண்ணம். இதற்குச் சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் அலுமாரியில் பதியாத உறுதி கிடக்கிறதா என்று திறந்து பார்க்கட்டும்.

மாப்பிள்ளையின் தாய் முஸ்பிறா வந்தாள், பார்த்தாள், பூரித்துப் போனாள். "நம்மட ஆக்களுக்கும் காட்டிட்டுத் தாறனே மதினி" என்று உறுதியைக் கொண்டு போனாள். அதன்பிறகு அது ஏறி இறங்காத வீடில்லை. பெரியும்மா வீட்டில் சில நாள், சாச்சி வீட்டில் சில நாள் என்று புதுப்பெண் விருந்துக்குப் போவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. திருப்பிக் கேட்க சுஹறாவுக்கு வாய் வரவில்லை. கொடுத்த சீதனத்தைத் திரும்பக் கேட்கிறாள் என்று ஒரு சொல் கிளம்பினால் கலியாணமே கலைந்துவிடும் என்று பயந்தாள்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தவள், வளவுக்குள் முன்பின் தெரியாத ஒரு இளைஞன் நாடா பிடித்து அளந்துகொண்டிருப்பதைக் கண்டாள்.

"ஆரு தம்பி? ஏன் என்ட மகள்ட காணிய அளக்கிறீங்க?"

அவன் திகைத்தான். பெயர் அர்ஹம், ஊர் சாய்ந்தமருது என்றான். "சப்ரி காக்கா எனக்கு விக்கிறாரே ராத்தா. உங்களோட பேசின காணிப் பேச்சு முறிஞ்சிட்டு எண்டுதானே சென்னார். உறுதி இருந்தாக் காட்டுங்க."

காட்டுவதற்கு அவளிடம் என்ன இருந்தது?

"நாளைக்குக் காலையில கந்தோரில பதிவப் பார்ப்பன். உங்கட பேர் இல்லாட்டி நாளைக்கே உறுதி முடிக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு அவன் போனான். சுஹறா உடனே நல்லரெத்தினத்துக்குப் போன் எடுத்தாள். அவனுடைய உறுதி முந்திப் பதிவானால் அஸ்னாவின் காணி கையை விட்டுப் போகும் என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் முஸ்பிறாவின் வாசலில் போய் நின்றாள். உறுதி வேண்டும் என்றதுமே முஸ்பிறாவின் முகம் கறுத்தது.

"என்ன மதினி, மனம் மாறிட்டா?"

இனி மறைக்க நேரமில்லை. பதியாமல் விட்டதையும் அர்ஹம் வந்ததையும் சுஹறா அப்படியே கொட்டினாள். முஸ்பிறா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லாஹ், பதியாத உறுதியையா நான் ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சன்? அது இப்ப மாவடிப்பள்ளியில, மாமிட ஊட்டில கிடக்கு."

விடிந்ததும் சம்பந்திகள் இருவரும் ஆட்டோவில் மாவடிப்பள்ளிக்குப் பறந்தார்கள். மாமி லேசில் விடவில்லை. "அடுத்த ஊட்டாளுக்கு இன்னம் காட்டல்லயே" என்று இழுத்தாள். முஸ்பிறா நேரே உள்ளே போய் அலுமாரியைத் திறந்து உறுதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கிருந்து நேரே கல்முனை.

காணிக் கந்தோர் அப்போதுதான் திறந்திருந்தது. எழுதுவினைஞர் உறுதியைப் புரட்டிப் பார்த்து, நாட்புத்தகத்தில் பதிந்து, முத்திரை குத்தி, இலக்கம் போட்டார். "சரி, பதிவுக்கு எடுத்தாச்சு. முந்தி வேறொண்டும் வரல்ல" என்றார். சுஹறாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பினால் பின்னால் அர்ஹம். அவனும் எழுதுவினைஞரிடம் அதே காணியைத்தான் கேட்டான். "இப்பதான் அஸ்னா எண்ட பேரில பதிவுக்கு வந்திருக்கு" என்று பதில் வந்தது. சண்டை பிடிக்கப்போகிறான் என்று சுஹறா ஒதுங்கி நின்றாள். அவன் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அல்ஹம்துலில்லாஹ். ராத்தா, இது என்ட தங்கச்சிட சீதனத்துக்கு. உம்மாட நகை வித்த காசு முழுக்க இந்தப் பையிக்குள்ள கிடக்கு. நீங்க கொஞ்சம் பிந்தியிருந்தா, பதிவு வெறுமையாக் கிடக்கு எண்டு நம்பி இதெல்லாத்தையும் அந்த சப்ரிட கையில குடுத்திருப்பன். என்ட உறுதி வாறதுக்குள்ள உங்கட பதிவு விழுந்திருந்தா, எனக்குக் காணியும் இல்ல, காசும் இல்ல."

சுஹறாவுக்கு அழுகை பொங்கியது. தன் மகளை நினைத்து ஓடிவந்தவள், பார்த்தறியாத ஒருத்தியின் சீதனத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போனாள்.

"வேற காணி வாங்கினா, உறுதிய ஆருக்கும் காட்டாம நேரா இங்க கொண்டு வாங்க தம்பி. சம்மந்தி கோவிச்சாலும் பரவாயில்ல."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் தன் சம்பந்தி நிற்பது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முஸ்பிறா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஓம் மகன். கோவிக்கட்டும்."