சதுப்புக்குப் போகிற குழாயை அடைத்த கதை

மோட்டாரம்மா என்றால்தான் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தெருக்களில் தேங்கும் மழைத் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் நகராட்சி பம்ப் அறையில் அவருக்கு வேலை. அண்ணன் போன பிறகு அவரும் அண்ணியும் பழைய தெருவில் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போடாமல் ஒரு காபி குடித்ததில்லை. ஒருவர் இல்லாமல் மற்றவர் சாப்பிட்டதும் இல்லை. அண்ணி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்த சமயத்தில்தான் அந்த மழை வந்தது.

முன்பெல்லாம் மோட்டார் இறைக்கும் தண்ணீர் ஒரு பெரிய குழாய் வழியாக ஊரோரச் சதுப்பு நிலத்துக்குப் போகும். எவ்வளவு கொட்டினாலும் சதுப்பு வாங்கிக்கொள்ளும். கோடையில் கிணறுகள் வற்றாமல் பார்த்துக்கொண்டதும் அதுதான். பெரிய மனிதர்கள் அதற்கு வைத்த பெயர், 'சும்மா கிடக்கிற இடம்'. சும்மாவா கிடந்தது? ஊர்த் தண்ணீரையெல்லாம் சுமந்துகொண்டல்லவா கிடந்தது! அதில் மண்ணைக் கொட்டி அடுக்குமாடி கட்டினார்கள். நாற்றம் வருகிறதென்று குழாயின் வாயையும் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். வெட்கம் கெட்ட வேலை.

அந்த மழையில் அடுக்குமாடியின் அடித்தளத்தில் கார்கள் மூழ்கின. நகராட்சிப் பொறியாளர் மோட்டாரம்மாவைப் போனில் கூப்பிட்டார்.

"வால்வைப் பழைய தெருப் பக்கம் திருப்புங்கம்மா."

"அங்க மனுஷங்க இருக்காங்க சார். எங்க அண்ணியால எழுந்து நிக்கக்கூட முடியாது."

"கால்வாய் தாங்கும். சொன்னதைச் செய்யுங்க."

திருப்பினார். தண்ணீர் பழைய தெருவுக்குள் பாய்ந்தது. ஆனால் அந்தத் தெருக் கால்வாயும் போய்ச் சேருவது சதுப்பு இருந்த அதே இடத்தில்தானே! இறைத்த தண்ணீர் ஏழை வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி கார்களிடமே வந்து நின்றது. படித்து, படம் வரைந்து, கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

 மோட்டாரம்மா மோட்டாரை நிறுத்தினார். வால்வை மூடி, வேறு யாரும் திறக்க முடியாதபடி அதன் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீர். மெத்தை நனைந்து, அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக் கிடந்தார்.

பின்னாலேயே பொறியாளர் வந்து சேர்ந்தார். "கைப்பிடியைக் கொடுங்க. இல்லேன்னா வேலை போயிடும்."

"போகட்டும் சார். அதை அப்புறம் பேசலாம். முதல்ல கட்டிலோட அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

பொறியாளர் அண்ணியைப் பார்த்தார். குனிந்து கட்டிலைப் பிடித்தார்.